கம்பனித் தலைவனும் கோணமலைத் துறையும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் மன்னர் பெயரையும் படைத்தலைவர் பெயரையும் கொண்டே அதனைக் கூறுவர். குளக்கோட்டன் திருப்பணி முதலாக நெல்சன் காலத்து ஆங்கிலக் கப்பற்படை ஈறாக, அரசும் போருமே அவ்வரலாற்றின் பொருளாகக் கருதப்பட்டு வந்துள்ளன. ஆயினும் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்துறையின் போக்கை மாற்றியமைத்தவன் மன்னனும் அல்லன்; மன்னனொருவன் ஏவி வந்த சேனாபதியும் அல்லன். அவன் பங்குதாரரின் முதலைக் கொண்டு நடத்தப்பெற்ற வாணிபக் கம்பனியொன்றில் சம்பளம் பெற்று உழைத்த ஊழியன். கடைநிலையில் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, ஈற்றில் அக்கம்பனியின் கீழைத்தேயக் காரியங்கள் அனைத்திற்கும் தலைவனாக வீற்றிருந்தவன். றிக்லோப் வான் கூன்ஸ் என்னும் அவ்வொல்லாந்தனின் வாழ்க்கை, வாணிபத்திற்கென அமைந்த கழகமொன்று நாடாளத் தொடங்கின் விளையும் நன்மை தீமைகளைத் தெளிவுற விளக்குவதாகும்.

கம்பனியின் அமைப்பு

வான் கூன்ஸ் தொண்டாற்றிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி 1602ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நெதர்லாந்து அரசு வழங்கிய பட்டயத்தால் தோன்றியது. ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர் முதலாகத் திரட்டப்பட்டது. அம்ஸ்ரடாம், மிடல்பேர்க், டெல்ப்று, றொட்டர்டாம், ஹூர்ண், எங்கௌசன் ஆகிய ஆறு நகரங்களிலும் அதன் கிளை மன்றங்கள் இருந்தன. அம்மன்றங்களினின்றும் தெரியப்பட்ட பதினேழு இயக்குநரே கம்பனியின் தலைமை மன்றமாவர். நன்னம்பிக்கை முனைக்குக் கிழக்கேயுள்ள கடல்களில் ஒல்லாந்தருள் வேறெவரும் வாணிபம் செய்தலாகாது என அப்பட்டயம் விதித்தது. அவ்வளவில் அமையாது, கீழைத்தேய அரசருடன் உடன்படிக்கை செய்யவும், கோட்டை கட்டவும், படை வைத்துப் போர் புரியவும் அது கம்பனிக்கு உரிமை அளித்தது. கணக்கேட்டையும் வாளையும் ஒரே கையிற் கொடுத்தது அப்பட்டயம் எனலாம்.

தாய்நாட்டினின்றும் ஒரு கப்பல் கீழைக் கடலை அடைய ஏறக்குறைய எட்டு மாதங்கள் சென்றன. எழுதிய கடிதத்திற்கு விடை வர ஒன்றரை ஆண்டேனும் கழியும். எனவே, அன்றாட நிருவாகத்தைக் கீழைத்தேயத்திலேயே நடத்துதற்கு மகாதேசாதிபதி என்னும் பதவி ஏற்படுத்தப்பட்டது. 1619ஆம் ஆண்டிற்குப் பின்னர் யாவாத்தீவின் பத்தாவியா நகரம் அவனுடைய இருப்பிடமாயிற்று. யப்பான் முதல் பாரசீகம் வரை பரந்து கிடந்த பண்டசாலைகளும் கோட்டைகளும் கப்பல்களும் அவன் ஆணையின் கீழ் இயங்கின. இக்காலத்துப் பெருங்கம்பனிகளில் தலைமை நிருவாகி எனப்படுவோன் வகிக்கும் இடத்தை அக்காலத்தில் வகித்தவன் மகாதேசாதிபதியே. இலங்கைத் தேசாதிபதி அவனுக்குக் கீழ்ப்பட்டவன்.

இளமையும் உயர்வும்

வான் கூன்ஸ் 1619ஆம் ஆண்டு யூன் மாதத்தில் றைன் நதிக்கரையிலுள்ள றீஸ் என்னும் ஊரிற் பிறந்தான். பத்து வயது நிரம்பும் முன்னரே, கம்பனிச் சேவையிற் சேர்ந்த தந்தையுடன் கப்பலேறிப் பத்தாவியாவை அடைந்தான். இளமையிலேயே பெற்றோரை இழந்த அச்சிறுவனைச் சோழமண்டலக் கரைக்கு அனுப்பினர். அங்கே பழவேற்காட்டில் இருந்த கம்பனித் தலைவனிடம் அவன் தொழில் பயின்றான். தமிழ்நாட்டு நெசவாளர் நெய்த துணி மூட்டை மூட்டையாகக் கப்பலேறுவதையும், அத்துணிக்கு மாற்றாகக் கிழக்குத் தீவுகளின் வாசனைப் பொருள்கள் வந்திறங்குவதையும் கண்டு வளர்ந்தவன் அவன். ஐரோப்பியக் கல்லூரி எதனையும் அவன் மிதித்ததில்லை. கம்பனியின் பண்டசாலையே அவனுக்குப் பள்ளி. கணக்கேடே அவனுக்குப் பாடநூல்.

பத்தாவியாவுக்கு மீண்டபின் கீழ்நிலை எழுத்தூழியத்தினின்றும் வணிகன் என்னும் தரத்திற்கு உயர்ந்தான். 1648ஆம் ஆண்டு தொடக்கம் 1654ஆம் ஆண்டு வரை ஐந்து முறை யாவாவின் மதராம் அரசவைக்குத் தூது சென்றான். அவ்வரசவையின் நடைமுறைகளையும் நாட்டின் நிலையையும் நுணுகி நோக்கி அவன் எழுதி வைத்த குறிப்புகள் யாவா வரலாற்றிற்கு இன்றும் சான்றாக உதவுகின்றன. வணிகனுக்குரிய கணக்கறிவும், தூதனுக்குரிய நாவன்மையும், படைத்தலைவனுக்குரிய துணிவும் ஒருங்கே வாய்த்தமையால் மேலோர் கண்ணுக்கு அவன் விரைவில் இலக்கானான்.

1655ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பும் கப்பற் கூட்டத்திற்குத் தலைவனாகச் சென்றான். சிறு பிள்ளையாய் நீங்கிய நாட்டிற்கு முப்பத்தாறாம் வயதில் மீண்ட அவன், ஓய்வு கொள்ளாது, பதினேழு இயக்குநர் முன்னிலையில் ஒரு திட்டத்தை வைத்தான். போர்த்துக்கேயரை இலங்கையினின்றும் மலையாளக் கரையினின்றும் அறவே அகற்றுதல் வேண்டும். அவ்வாறு செய்யின் கறுவா வாணிபம் முழுவதும், மிளகு வாணிபத்தின் பெரும்பகுதியும் கம்பனிக்கே உரியதாகும் என்பது அத்திட்டத்தின் சாரம். இயக்குநர் அதனை ஏற்றனர். 1657ஆம் ஆண்டில் அவன் மீண்டும் கீழைத்தேயம் வந்தான்.

அடுத்த ஆறு ஆண்டுகள் அவனுடைய வெற்றிக் காலம். 1658ஆம் ஆண்டிலேயே தூத்துக்குடியும் மன்னாரும் வீழ்ந்தன. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முற்றுகையின் பின் அவ்வாண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை சரணடைந்தது. அடுத்த மாதத்தில் நாகபட்டினமும் கைப்பற்றப்பட்டது. படையுடன் வந்த பல்தேயு பாதிரியார் கண்டவற்றைத் தமது நூலில் எழுதி 1672ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாமில் வெளியிட்டார். 1661ஆம் ஆண்டிற் கொல்லமும், 1662ஆம் ஆண்டிற் கொடுங்கல்லூரும், 1663ஆம் ஆண்டு சனவரியிற் கொச்சியும் ஒல்லாந்தர் வசமாயின. ஐரோப்பாவில் ஒல்லாந்தும் போர்த்துக்கலும் சமாதானம் செய்துகொண்ட செய்தி கீழைக் கடலில் அறிவிக்கப்படுமுன் கொச்சியைப் பிடித்துவிடல் வேண்டும் என்னும் விரைவே அவ்விறுதிப் போரை உந்திற்று.

கோணமலையும் கண்டி மன்னனும்

இவ்வாறு மேல்கரை முழுவதும் ஒல்லாந்தர் கைப்பட்டபோது, கீழ்கரையின் நிலை யாது? அதனை அறிதற்குச் சில ஆண்டுகள் பின்னோக்குதல் வேண்டும்.

1620ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்சுதந்தீனு த சா திருக்கோணமலைக்கு வந்து, கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினான். 1638ஆம் ஆண்டு மே மாதத்தில் மட்டக்களப்பில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தரும் உடன்படிக்கை செய்தனர். போர்த்துக்கேயரை அகற்ற ஒல்லாந்தர் துணை நிற்பதும், போர்ச் செலவை மன்னன் கொடுப்பதும், கறுவா முதலிய பண்டங்களை ஒல்லாந்தருக்கே விற்பதும் அதன் முக்கிய விதிகள். மறு ஆண்டில் திருக்கோணமலைக் கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தனர். பின்னர் அதனை மன்னனிடம் ஒப்புவித்து நீங்கினர்.

எனினும் அவ்வுடன்படிக்கையில் ஒரு விதி தீராப் பகைக்கு வித்தாயிற்று. பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்துக் காவற்படை இருத்தல் மன்னன் விரும்பினால் மட்டுமே என்னும் பொருள்படும் சொற்கள் மன்னன் பிரதியில் இருந்தன. கம்பனியின் பிரதியில் அவை இல்லை. மேலும், போர்ச் செலவை மன்னன் பெயரிற் பற்றெழுதி வைத்த கம்பனி, அக்கடன் தீரும் வரை நாட்டை ஈடாக வைத்திருப்பதாகக் கூறியது. கடன் ஏட்டில் வளர்ந்துகொண்டே சென்றது, நாடு மீளவில்லை. அன்னியன் ஒருவன் வாளால் நாட்டைப் பறித்தல் பழைய வழக்கம். கணக்கேட்டின் பற்றுப் பக்கத்தினாற் பறித்தல் இத்தீவிற்குப் புதிது.

கீழ்கரைத் துறைகள் மன்னன் ஆணையில் இருந்த இக்காலத்திலேயே ஆங்கிலக் கப்பலொன்று கொட்டியாரத்தை அடைந்தது. புயலிற் பாய்மரம் இழந்த அக்கப்பல் செப்பனிடற்காக அங்கே ஒதுங்கியது. 1660ஆம் ஆண்டில் அதன் தலைவனையும் அவன் மகன் றொபேட்டு நொக்சையும் வேறு சிலரையும் மன்னன் ஆட்கள் பிடித்துக் கண்டி நாட்டிற்குக் கொண்டு சென்றனர். தந்தை மறு ஆண்டு இறந்தான். பத்தொன்பது வயதுடைய மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்தான்.

1664ஆம் ஆண்டின் இறுதியில் கண்டியிற் கலகம் மூண்டது. மலைக்குள் ஒதுங்கிய இராசசிங்கன் ஒல்லாந்தரின் உதவியை நாடினான். அவ்வழைப்பையே வான் கூன்ஸ் எதிர்பார்த்திருந்தான் போலும். இலங்கைத் தேசாதிபதியாக மீண்டும் அப்போது அமர்ந்திருந்த அவன், 1665ஆம் ஆண்டில் மன்னனுக்குத் துணை என்ற பெயரால் திருக்கோணமலையைக் கைப்பற்றினான். கோணேசர் மலை அடிவாரத்திற் கோட்டை மீண்டும் எழுந்தது. 1668ஆம் ஆண்டில் மட்டக்களப்பும் வசமாயிற்று. மேற்கே உள்நாட்டிலும் காவலரண்கள் முன்னேறின. கலகம் அடங்கி மன்னன் மீண்டும் வலுப்பெற்றபோது, தன் நாட்டின் வாயில்கள் அனைத்தும் அடைபட்டிருக்கக் கண்டான். உப்பும் துணியும் உள்ளே வருவதற்கும் பாக்கு வெளியே செல்வதற்கும் கம்பனியின் இசைவு வேண்டியதாயிற்று.

கோணமலையை வான் கூன்ஸ் பெரிதும் மதித்தமைக்குக் காரணம் அதன் அமைப்பே. ஐப்பசி முதல் தை வரை வீசும் வாடைக்காற்றிற் சோழமண்டலக் கரையில் நங்கூரமிட்டு நிற்றல் கப்பல்களுக்கு இயலாது. நாகபட்டினம், பழவேற்காடு, மசூலிப்பட்டினம் ஆகிய யாவும் திறந்த கரைகள். அக்காலத்தில் ஒதுங்குதற்கு அணித்தாயுள்ள இயற்கைத் துறை திருக்கோணமலை ஒன்றே. மலைகள் சூழ்ந்து காற்றை மறைக்கும் உட்டுறையில் மிகப் பெரிய கப்பலும் கரையை அணுகி நிற்கத்தக்க ஆழம் உண்டு. மகாவலி கங்கை கலக்கும் கொட்டியாரக் குடாவோ ஒரு கப்பற்படை முழுவதையும் கொள்ளவல்லது. இத்துறையை உடையவன் வங்கக் கடலின் மேல்கரை முழுவதையும் காக்கலாம் என்பதை அவன் கண்டான். அவனை ஒத்த அறிவுடைய மற்றொருவனும் அதனைக் கண்டிருந்தான்.

மற்றொரு கம்பனித் தலைவன்

பிரான்சுவா கறோன் என்னும் அவன் பிறசெல்சு நகரிற் பிறந்தவன். 1619ஆம் ஆண்டில் ஒல்லாந்துக் கப்பலொன்றிற் சமையற்கட்டு ஏவலாளனாக யப்பானை அடைந்தான். அந்நாட்டு மொழியைக் கற்று மொழிபெயர்ப்பாளனாகி, 1639ஆம் ஆண்டில் ஹிராடோவிலிருந்த கம்பனிப் பண்டசாலைக்குத் தலைவனானான். 1644ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயரிடமிருந்து நீர்கொழும்பைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கியவனும் அவனே. பின்னர்ப் பத்தாவியாவில் மகாதேசாதிபதிக்கு அடுத்த பதவியை வகித்தான். சொந்த வாணிபம் செய்தான் என்னும் குற்றச்சாட்டினால் 1651ஆம் ஆண்டளவில் அப்பதவியை இழந்தான்.

பிரான்சிய அரசன் 14ஆம் உலூயியின் அமைச்சனான கொல்பேர் 1664ஆம் ஆண்டிற் பிரான்சியக் கிழக்கிந்தியக் கம்பனியை நிறுவினான். அதற்கு அனுபவமுள்ள தலைவன் வேண்டியிருந்தது. ஒல்லாந்தரின் வாணிப மறைகள் யாவும் அறிந்த கறோன் அவ்விடத்தைப் பெற்றான். 1668ஆம் ஆண்டிற் சூரத்தில் முதற் பண்டசாலையை நிறுவிய அவன், ஒல்லாந்தரின் கறுவாத் தனியுரிமையை உடைத்தற்கு இலங்கையில் ஒரு துறை வேண்டும் என்று வற்புறுத்தினான். அவன் சுட்டிக் காட்டிய துறை திருக்கோணமலை.

1672ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் தளபதி த லா ஹே தலைமையிற் பிரான்சியக் கப்பற்படை கொட்டியாரக் குடாவிற் புகுந்தது. கறோனும் உடன் வந்தான். குடாவிலுள்ள சிறு தீவொன்றில் அவர்கள் அரண் அமைத்தனர். ஒல்லாந்தரை அகற்ற வேறொருவர் கிடைத்தாரென மகிழ்ந்த இராசசிங்கன் அவர்களை வரவேற்றான். அவர்கள் அனுப்பிய தூதனோ அரசவை முறையை மதியாது நடந்து மன்னனின் சினத்திற்கு ஆளாகிச் சிறைப்பட்டான். அவனுடைய லனரோல் என்னும் பெயர் இலங்கைக் குடும்பப் பெயராக இன்றும் வழங்குகின்றது.

வான் கூன்ஸ் காலந் தாழ்த்தவில்லை. வலிய கப்பற்படையுடன் வந்து குடாவின் வாயிலிற் காத்து நின்றான். பெரும்போர் எதுவும் நிகழவில்லை. ஐரோப்பாவில் ஏப்பிரல் மாதத்திலேயே பிரான்சு ஒல்லாந்தின் மேற் போர் தொடுத்துவிட்டது. ஆயின் அச்செய்தி கொட்டியாரத்தை அடைய மாதங்கள் பல வேண்டியிருந்தன. எனவே, முதலில் எதிர்ப்பது யார் என இரு திறத்தாரும் தயங்கினர். இத்தயக்கம் ஒல்லாந்தருக்கே வாய்ப்பாயிற்று. உணவு வரும் வழியை அடைப்பதே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. பசியும் நோயும் பிரான்சிய மாலுமிகளை மெலிவித்தன. யூலை மாதத்தில் த லா ஹே சிறு காவற்படையொன்றை விட்டு நீங்கினான்; அக்காவற்படை விரைவிற் சரணடைந்தது.

ஒரு கம்பனியில் வளர்ந்து மற்றொரு கம்பனிக்குத் தலைவனானவன் வகுத்த திட்டத்தை, அதே கம்பனியில் வளர்ந்து அதற்கே உழைத்தவன் முறியடித்தான். கறோன் 1673ஆம் ஆண்டில் தாயகம் திரும்புங்காற் கப்பலுடைந்து இலிசுபன் துறையருகே இறந்தான். கோணமலையை இழந்த பிரான்சியப் படை சென்னைக்கு அணித்தாயுள்ள சாந்தோமைக் கைப்பற்றி, 1674ஆம் ஆண்டு வரை முற்றுகைக்கு உள்ளாகி, அதனையும் இழந்தது. எஞ்சியோருட் சிலருடன் பிரான்சுவா மாற்றேன் அவ்வாண்டிற் புதுச்சேரியில் அமர்ந்தான். தமிழகத்திற் பிரான்சியரின் தலைநகராகப் புதுச்சேரி வளர்ந்தமைக்கு கொட்டியாரத் தோல்வியும் ஒரு காரணம் என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது.

கணக்கேட்டில் இலங்கை

போரில் வென்ற வான் கூன்ஸ் கம்பனியின் உள்ளே வெல்ல முடியவில்லை. அவன் மனத்தில் இருந்தது வாணிபக் கரையன்று, ஓர் அரசு. இலங்கை முழுவதையும் கம்பனியே ஆளல் வேண்டும். ஒல்லாந்துக் குடிகளை இங்கே குடியேற்றல் வேண்டும். கம்பனியின் தலைமை இடத்தையும் பத்தாவியாவினின்றும் கொழும்பிற்கு மாற்றல் வேண்டும் என்பன அவன் கருத்துகள். 1653ஆம் ஆண்டு முதல் மகாதேசாதிபதியாக இருந்த மற்சைக்கர் இவற்றை எதிர்த்தான். தானும் 1646 முதல் 1650 வரை இலங்கைத் தேசாதிபதியாக இருந்தமையால், கண்டி மன்னனைப் பகைத்தலின் விலையை அவன் அறிவான். கறுவா அமைதியாக வெட்டப்படுதல் வேண்டும். அதற்கு மன்னனுடன் இணக்கம் வேண்டும். நிலம் பெருகப் பெருகச் செலவும் பெருகும் என்பது அவன் கொள்கை.

இவ்வழக்கின் உயிர்நிலை கணக்கெழுதும் முறையில் இருந்தது. இலங்கையினின்றும் ஏற்றப்பட்ட கறுவா இங்குள்ள ஏட்டிற் கொள்முதல் விலைக்கே பதியப்பட்டது. அம்ஸ்ரடாமில் அது பன்மடங்கு விலைக்கு விற்கப்பட்டபோது, அவ்வூதியம் தாய்நாட்டு ஏட்டிற் சேர்ந்தது. கோட்டை கட்டிய செலவும், படைவீரர் சம்பளமும், வெடிமருந்து விலையுமோ இலங்கை ஏட்டில் எழுதப்பட்டன. இதனால் இலங்கை ஆண்டுதோறும் நட்டப்படும் நாடாகவே பத்தாவியாவுக்குத் தோன்றியது. வான் கூன்சின் பக்கத்தில் இவ்வளவில் நியாயம் உண்டு. ஆயின், நட்டத்தை ஈடு செய்ய அவன் ஆட்சி கைக்கொண்ட வழி நாட்டு மக்களுக்கு இன்னல் விளைத்தது.

பாக்கு ஏற்றுமதியையும் துணி இறக்குமதியையும் கம்பனி தனக்கே உரிமையாக்க முற்பட்டது. சோழமண்டலக் கரையினின்றும் தோணிகளில் வந்த தமிழ் வணிகரும் சோனக வணிகரும் துணியும் அரிசியும் கொணர்ந்து, பாக்கு ஏற்றிச் செல்வது நெடுநாள் வழக்கம். பாக்கும் துணியும் தடுக்கப்படவே, அரிசி மட்டும் கொண்டுவருதல் அவர்களுக்குக் கட்டுபடியாகவில்லை. தோணிகளின் வரவு குறைந்தது, அரிசி அருகியது, துணி விலை ஏறியது. பிற்காலத்திற் கம்பனியே இக்கட்டுப்பாட்டைத் தளர்த்த நேர்ந்தது. திருக்கோணமலை மாவட்டத்திற் கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம் ஆகிய பற்றுக்களை வன்னிபங்கள் தம் வழக்கப்படியே ஆண்டு வந்தனர். கோட்டையிலிருந்த கம்பனிக்கு அவர்கள் திறை செலுத்தினர். கோட்டை வலுப்பெற்றது. ஆயினும், பண்டைக் காலம்போற் பலநாட்டு மரக்கலங்கள் வந்து கூடும் வாணிபத் துறையாக அது தழைக்கவில்லை. காவலுக்கென அடைத்த கதவு வாணிபத்தையும் வெளியே நிறுத்தியது.

1670ஆம் ஆண்டில் இராசசிங்கன் திருப்பித் தாக்கத் தொடங்கினான். உள்நாட்டுக் காவலரண்கள் தாக்குண்டன. முதலில் வான் கூன்சை ஊக்கிய பதினேழு இயக்குநரும் செலவு கண்டு அஞ்சினர். இத்தீவை முழுதும் ஆளும் எண்ணத்தைக் கம்பனி மெல்லக் கைவிட்டது.

உச்சியும் முடிவும்

1675ஆம் ஆண்டில் வான் கூன்ஸ் தன் பெயரே கொண்ட மகனிடம் இலங்கை ஆட்சியை ஒப்புவித்துப் பத்தாவியா சென்றான். தேசாதிபதி மாறுங்கால் வருபவனுக்கு வழிகாட்டியாக அறிக்கை எழுதி வைத்தல் கம்பனி மரபு. அவன் எழுதியவை இன்றும் நிலைத்து, அக்கால இலங்கையின் குடி, நிலம், வரி, துறை ஆகியவற்றை அறிதற்கு ஆதாரமாகின்றன. தந்தைக்குப் பின் மகனை அமர்த்தியமை அரச மரபாகலாம். வாணிபக் கழகத்திற்கு அஃது அழகன்று. தந்தையின் கொள்கையையே மகனும் தொடர்ந்தமையால், மாற்றத்தை விரும்பிய மேலோரின் அதிருப்தி வளர்ந்தது.

மற்சைக்கர் 1678ஆம் ஆண்டு சனவரியில் இறந்தான். வான் கூன்ஸ் மகாதேசாதிபதியானான். பத்து வயதுப் பாலகனாய் வந்திறங்கிய அதே நகரில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளின் பின், கம்பனியின் கீழைத்தேயத் தலைமை முழுவதும் அவன் கைக்கு வந்தது. ஆயினும் காலம் கடந்துவிட்டது. யாவாவில் மதராம் அரசுரிமைப் போர் கம்பனியின் படையையும் பணத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது. ஆலோசனைச் சபையிற் கொர்னேலிசு ஸ்பீல்மன் போன்றோர் அவனுக்கு எதிர்நின்றனர். கொழும்பைத் தலைநகராக்கும் கனவைத் தலைமைப் பீடத்தில் அமர்ந்தபின்னும் அவனால் நனவாக்க முடியவில்லை. தேசாதிபதியாக இருந்தபோது இலங்கை ஒன்றையே கருதியவன், மகாதேசாதிபதியானபோது அனைத்தையும் கருதவேண்டியவனானான். தான் முன்னர்க் குறைகூறிய இடத்திலேயே தான் அமர நேர்ந்தது.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒன்று கருதத்தக்கது. 1679ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் றொபேட்டு நொக்சு கண்டி நாட்டினின்றும் தப்பி, அரிப்பிலிருந்த ஒல்லாந்தக் கோட்டையை அடைந்தான். கொழும்பிற் தேசாதிபதியாகிய மகன் அவனை ஏற்று, தான் பத்தாவியா செல்லுங்கால் உடன் அழைத்துச் சென்றான். அங்கே மகாதேசாதிபதியாகிய தந்தை அவனுக்கு ஆதரவு காட்டினான். கொட்டியாரக் கரையிற் பிடிபட்டவனும், அக்கரையைப் பிடித்தவனும் பத்தாவியாவில் எதிரெதிர் நின்றனர். சிறையிருந்தவன் 1681ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டான். கண்டி நாட்டு மக்களின் வாழ்வை உலகறியச் செய்தது அந்நூல்.

அதே 1681ஆம் ஆண்டில் உடல் நலம் குன்றிய வான் கூன்ஸ் பதவியை ஸ்பீல்மனிடம் ஒப்புவித்துக் கப்பலேறினான். 1682ஆம் ஆண்டு நவம்பரில் அம்ஸ்ரடாமில் அவன் வாழ்வு முடிவுற்றது. வாழ்நாளின் மிகப் பெரும்பகுதியைக் கீழைத்தேயத்திற் கழித்த அவனுக்குத் தாய்நாடு மிகச் சில காலமே உறைவிடமாயிற்று.

மதிப்பீடு

வான் கூன்சின் ஆற்றலை மறுத்தல் வரலாற்று நேர்மையாகாது. எவ்விதக் குலப்பெருமையும் இன்றி, அறிவும் உழைப்பும் துணையாகத் தலைமை பெற்றவன் அவன். திருக்கோணமலைத் துறையின் அருமையை அவன் மதிப்பிட்டது தவறன்று என்பதைப் பிற்காலம் காட்டிற்று. 1782ஆம் ஆண்டு சனவரியில் ஆங்கிலேயர் அதனைப் பிடித்தனர். ஆகஸ்டில் பிரான்சியத் தளபதி சுப்பிறேன் அவரிடமிருந்து பறித்தான். ஒல்லாந்தர் மீளப் பெற்ற அத்துறையை 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் மறுபடியும் கைப்பற்றி, 1957ஆம் ஆண்டு வரை கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். நான்கு வல்லரசுகள் ஒருவர்பின் ஒருவராக விரும்பிய துறை வேறெத்துணை உள?

ஆயினும் ஒரு வினா எஞ்சி நிற்கின்றது. துறையின் பயன் துறைக்குரிய மக்களுக்கு எவ்வளவு கிடைத்தது? அரசனுக்குக் குடிகள் உளர். அவன் கொடுங்கோலனாயினும், குடிகளைக் காத்தல் தன் கடன் என்பதை வாயளவிலேனும் மறுத்தற்கில்லை. கம்பனிக்கோ உள்ளவர் பங்குதாரர். வறட்சியில் வரி தவிர்த்தலும், குளம் தூர்ந்தவிடத்து அதனைத் திருத்தலும் அதன் ஏட்டிற் செலவாகவே தோன்றும்; அவற்றின் பயன் எந்த ஏட்டிலும் வரவாகத் தோன்றாது. வான் கூன்ஸ் கம்பனியை அரசாக்க முயன்றான். அரசுக்குரிய நிலத்தையும் படையையும் அதற்குத் தேடித் தந்தான். அரசுக்குரிய கடமையை மட்டும் அதன் கணக்கிற் சேர்க்க அவனால் இயலவில்லை. அவன் மேலோரும் அதனைக் கேட்டாரல்லர்.

1766ஆம் ஆண்டு உடன்படிக்கை வரை கம்பனி இலங்கைக் கரைகளைக் கண்டி மன்னன் பெயராலேயே ஆள்வதாகச் சொல்லிக்கொண்டது. 1799ஆம் ஆண்டின் இறுதியிற் கடன் மிகுந்து அக்கம்பனியே மறைந்தது. மன்னன்மீது கடனெழுதி நாட்டை ஈடாகக் கொண்ட கழகம், தன் கடனைத் தீர்க்கவியலாது ஏட்டை மூடிற்று. அதன் ஊழியன் கோணேசர் மலை அடிவாரத்தில் மீண்டும் எழுப்பிய கோட்டை நிற்கின்றது. மகாவலி கங்கையின் நீர் பண்டுபோற் கொட்டியாரக் குடாவிற் கலக்கின்றது. இத்துறையை நாடி இனி வரும் கழகம் எதுவாயினும், அதன் ஏட்டில் இங்குள்ள உழவர்க்கும் மீன்பிடிப்போர்க்கும் வணிகர்க்கும் உரிய பக்கம் ஒன்று உண்டா என்று முதற்கண் வினவுதலே வான் கூன்சின் வரலாறு இம்மாவட்டத்தார்க்குக் கற்பிக்கும் பாடமாகும்.